மட்டம் காத்தல்

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்து சென்னையில் ஜீவனம் நடத்துகிறவர்களின் ஆயுளில் கணிசமான ஒரு பகுதி இரவுப் பேருந்துகளிலேயே கழிந்திருக்கிறது. 1928 இல் திறக்கப்பட்ட மதுரை–போடிநாயக்கனூர் ரயில் பாதை, அகலப்பாதை வேலைக்காக 2010 ஆம் வருஷத்தின் கடைசியில் மூடப்பட்டு, 2022 மே மாதத்தில் தேனி வரையிலும் 2023 ஜூன் மாதத்தில் போடி வரையிலும் மறுபடி திறக்கப்படும் வரையில், பதினோரு வருஷத்துக்கு மேலாக ஒரு மாவட்டம் முழுவதுமே ரயில் சத்தம் கேளாமல் இருந்தது. ரயில் ஓடிய காலத்திலும், மேகமலை அடிவாரத்தை ஒட்டிக் கிடக்கும் ராயப்பன்பட்டி, ஆனைமலையான்பட்டி போன்ற ஊர்க்காரர்களுக்கு அது கைக்கெட்டிய வசதியாக இருந்ததில்லை. ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும் ஊர் திரும்புகிறவர்கள், பள்ளிக்கூட விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகளை அழைத்துவருகிற பாட்டிமார், பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்குப் போகிற கிழவர்கள் ஆகிய எல்லோரும், சாயங்காலம் ஏறி விடியற்காலையில் இறங்கும் அந்த 500 கிலோமீட்டருக்கும் அதிகமான பிரயாணத்தையே நம்பியிருந்தார்கள். இப்பொழுதும் பெரும்பாலும் நம்பியிருக்கிறார்கள்.

படுக்கையும் திரையும் தலையணையும் போர்வையும் உடையதாய், முன்பின் அறியாத முப்பது பேரை ஒரே கூரையின் கீழ் உறங்கவைக்கிற அந்தப் பேருந்து, ஓர் இரவுக்கு மட்டுமே என்றாலும், வீடுதான். அதன் பக்கவாட்டில் பெரிய எழுத்தில் ‘ஏர் பஸ்’ என்று எழுதியிருப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். அந்த எழுத்துக்கு ஆதாரமான வஸ்து தரைக்குச் சற்று மேலே, சேறும் எண்ணெயும் படிந்து, ஒருவர் கண்ணிலும் படாமல் இருக்கிறது. மெக்கானிக்குகள் அதைப் பலூன் என்கிறார்கள். ரப்பரும் நைலான் நூலும் கலந்து வார்த்த, ஒரு சிறு குடத்தின் பருமனுள்ள பை. பெரும்பாலான பேருந்துகளில் முன்னச்சுக்கு இரண்டும் பின்னச்சுக்கு நான்குமாக அமைந்திருக்கும் இந்தப் பைகளுக்குள் அடைபட்ட காற்றின் மேல்தான், பத்து டன்னுக்கு மேற்பட்ட அந்த வீடு உட்கார்ந்திருக்கிறது. அதைப் பராமரிக்கிற வேலையை நான் பல காலமாக மிகுந்த ஈடுபாட்டோடு கவனித்து வந்திருக்கிறேன்; அதற்கு உரிய மரியாதையை நாம் இன்னும் செய்யவில்லை என்பது என் எண்ணம்.

காற்றைப் பற்றிப் பேசுமுன் பட்டையைப் பற்றிப் பேசுவது நியாயம். நம் லாரிகளும் டவுன் பஸ்களும் இன்றளவும் நம்பியிருப்பது எஃகுப் பட்டையைத்தான். நீளம் படிப்படியாகக் குறைந்துகொண்டே போகும் பட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, நடுவில் சென்டர் போல்ட்டால் கோத்து, யூ போல்ட்டால் அச்சோடு சேர்த்து இறுக்கிவிட்டால், பாரத்தைத் தாங்குகிற வேலையையும், அச்சை அதன் ஸ்தானத்தை விட்டு முன்னோ பின்னோ நகராமல் நிறுத்திவைக்கிற வேலையையும் அந்த ஒரே சாதனம் செய்துவிடுகிறது. மோட்டார் வருவதற்கு முன்பே வில்வண்டியில் இது நமக்குப் பழக்கமானது. மெயின் பட்டை முறிந்தால் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து, ஒவ்வொரு குழியிலும் ஓசை எழுப்பித் தன் துன்பத்தைப் பத்து வீடு கேட்கச் சொல்லிவிடும். உத்தமபாளையத்திலோ சின்னமனூரிலோ பட்டறையில் விட்டால், தளர்ந்த பட்டையைப் பழுக்கக் காய்ச்சி, அடித்து வளைவேற்றி, அன்று மாலைக்குள் பூட்டிக் கொடுத்துவிடுவார்கள். இத்தனை குணங்களும் உடைய பட்டைக்கு ஒரு குறை உண்டு. நிறைபாரத்தை உத்தேசித்துச் செய்யப்பட்ட அது, பாதி ஆட்களோடு ஓடும்போது விறைத்துக்கொள்கிறது. உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு மேலும் கீழுமான அசைவில் மிகவும் அவதிப்படுவது நொடிக்கு 4 முதல் 8 தடவை வரை குலுங்கும்போது என்று சோதித்துக் கண்டிருக்கிறார்கள். விறைத்த பட்டை சாலையின் அந்த விதமான அதிர்வைத் தடுக்காமல் இருக்கைக்கு அனுப்பிவிடுகிறது.

காற்றுப் பையின் விசேஷம் இந்த இடத்தில்தான் விளங்குகிறது. பாரம் கூடினால் பைக்குள் காற்று கூடுதலாகச் செலுத்தப்பட்டு அழுத்தம் ஏறுகிறது. அழுத்தம் ஏறினால் அதே விகிதத்தில் பையின் விறைப்பும் ஏறுகிறது. பாரமும் விறைப்பும் சேர்ந்தே ஏறுவதால், வண்டி அசைகிற தாளம் ஆளில்லாத போதும் ஆள் நிறைந்த போதும் ஏறக்குறைய ஒன்றாகவே, நொடிக்கு ஒன்று அல்லது ஒன்றரைத் தடவை என்ற நிதானத்திலேயே, இருந்துவிடுகிறது. தேனியில் பத்துப் பேரோடு புறப்பட்ட பேருந்து திண்டுக்கல்லில் நிரம்பினாலும், முதலில் ஏறிப் படுத்தவருடைய தூக்கம் கலைவதில்லை. தரையிலிருந்து வண்டியின் உயரமும் மாறுவதில்லை.

இந்த உயரத்தைக் காவல் காப்பது லெவலிங் வால்வு என்னும், உள்ளங்கையில் அடங்கிவிடக்கூடிய ஒரு சிறிய கருவி. வண்டியின் சட்டத்தில் பொருத்தப்பட்ட அதிலிருந்து ஒரு கை நீண்டு, ஒரு கம்பியால் அச்சோடு இணைக்கப்பட்டிருக்கிறது. பாரம் ஏறிச் சட்டம் தாழ்ந்தால் கை மேலே தள்ளப்பட்டுக் காற்று உள்ளே போகிறது. பாரம் இறங்கிச் சட்டம் எழும்பினால் கை கீழே இழுபட்டுக் காற்று வெளியேறுகிறது. நடுவில் நிற்கும்போது இரண்டு வழியும் அடைபட்டிருக்கின்றன. சாலையின் ஒவ்வொரு குழிக்கும் மேட்டுக்கும் இது மறுமொழி சொல்லிக்கொண்டிருந்தால் காற்று முழுவதும் வெகு சீக்கிரத்தில் விரயமாகிவிடும். அதனால் க்ஷண நேர அசைவுகளை அது பொருட்படுத்தாதபடியும், சில நொடிகள் நீடிக்கிற மாறுதலுக்கு மட்டுமே அசைந்துகொடுக்கும்படியும் அமைத்திருக்கிறார்கள்.

மட்டம் என்ற விஷயத்தைப் பற்றிப் பள்ளத்தாக்குக்காரர்களுக்குப் புதிதாக எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1895 முதல் பெரியாற்றுத் தண்ணீரில் நெல் விளைத்துவருகிற ஜனங்கள், காலையில் பத்திரிகையைப் பிரித்ததும் பெரியாற்று அணையின் நீர்மட்டத்தையும் வரத்தையும் வெளியேற்றத்தையும் பார்த்த பிறகே மற்றச் செய்திகளுக்குப் போகிறார்கள். 1979 இல் 136 அடிக்குத் தாழ்த்தப்பட்ட தேக்க மட்டம், 2014 மே மாதத்து உச்ச நீதிமன்றத் தீர்ப்பினால் 142 அடிக்கு அனுமதிக்கப்பட்டபோது, ஓர் ஆறு அடிக்காக ஒரு தேசமே எவ்வளவு வாதாட முடியும் என்பதை நேரில் கண்டவர்கள். உள்ளே வருவதும் வெளியே போவதும் ஓயாமல் மாறிக்கொண்டிருக்க, மட்டத்தை மட்டும் நிலைநிறுத்துவது எத்தகைய நித்திய கவனத்தைக் கேட்கிற காரியம் என்பது இவர்களுக்குத் தெரியும். அந்தக் கவனத்தின் ஒரு சிறு பங்கைத்தான் பேருந்தின் அடிவயிற்றுக்கும் நான் கேட்கிறேன்.

சக்கரத்துக்குள் காற்றை அடைக்கிற யுக்தியை 1888 இல் பெல்ஃபாஸ்ட் நகரத்தில் டன்லப் என்னும் கால்நடை வைத்தியர் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். சக்கரத்துக்கு மேலேயும் காற்றை வைக்கலாம் என்ற எண்ணம் வண்டிகளில் உருப்பெறுவதற்கு இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அமெரிக்காவில் வில்லியம் ஸ்டௌட் என்பவர் ஸ்காரப் என்று பெயரிட்டு, நகர்த்தக்கூடிய நாற்காலிகளும் மேஜையும் உள்ள, ஒரு கூடத்தைப் போன்ற மோட்டார் வண்டியை 1930களில் அமைத்தார். அதையே 1946 இல் கண்ணாடி இழை உடம்போடும் ஃபயர்ஸ்டோன் நிறுவனத்தின் காற்றுப் பைகளோடும் அவர் புதிதாகச் செய்து பார்த்தார். 1953 இல் ஜெனரல் மோட்டார்ஸ் வெளியிட்ட பி.டி. 4104 என்ற நெடுந்தூரப் பேருந்து காற்றுப் பைகளின் மேலேயே ஓடிற்று. ஓய்வு பெற்ற அந்தப் பேருந்துகளில் பலவற்றைப் பிற்காலத்தில் வாங்கி, இருக்கைகளைக் கழற்றிவிட்டு, அடுப்பும் கட்டிலும் தண்ணீர்த் தொட்டியும் வைத்து வீடாக்கிக்கொண்டவர்கள் அந்த நாட்டில் ஏராளம்.

அதே நிறுவனம் 1973 முதல் 1978 வரை ஜி.எம்.சி. மோட்டார் ஹோம் என்று 12,000-க்கும் மேற்பட்ட வீட்டு வண்டிகளைத் தயாரித்தது. என்னைப் பொறுத்தவரையில், சக்கரத்தின் மேல் அமைந்த வீடுகளில் அதைப் போல் அழகாகச் சிந்திக்கப்பட்டது வேறொன்றில்லை. எஞ்சின் முன் சக்கரங்களையே சுழற்றுவதால் பின்னால் நெடுகிலும் ஓடுகிற தண்டு கிடையாது. தண்டு இல்லாததால் வீட்டின் தரையை வெகுவாகத் தாழ்த்த முடிந்தது. பின்புறத்தில் பக்கத்துக்கு இரண்டாக ஒன்றன்பின் ஒன்றாகச் சக்கரங்கள். அவற்றுள் ஒன்றின் கை முன்னோக்கியும் மற்றொன்றின் கை பின்னோக்கியும் நீண்டிருக்க, இரண்டு கைகளுக்கும் நடுவில் ஒரே ஒரு காற்றுப் பை படுக்கைவாட்டில் கிடந்து இரண்டையும் தாங்குகிறது. மேடு பள்ளமான இடத்தில் வண்டியை நிறுத்திச் சமையல் செய்ய வேண்டுமானால், பின்புறத்தை உயர்த்தியோ தாழ்த்தியோ வீட்டை மட்டப்படுத்திக்கொள்ளவும் வழி செய்திருந்தார்கள். ஐம்பது வருஷத்துக்குப் பிறகும் அந்த வண்டிகளில் பல ஓடிக்கொண்டிருப்பதற்குக் காரணம், சொந்தக்காரர்களே படுத்துக் குனிந்து பைகளை மாற்றி, வால்வுகளைக் கழுவி, குழாய்களைப் புதுப்பித்து வருவதுதான்.

நம் பக்கத்தில் இவ்விதமான பழைய வீட்டு வண்டிகள் அபூர்வம். என்.டி. ராமராவ் 1982 இல் ஒரு பழைய செவர்லே வண்டியைச் ‘சைதன்ய ரதம்’ ஆக்கி, அதிலேயே உண்டு உறங்கி ஆந்திர தேசம் முழுவதும் சுற்றினார். சினிமாக்காரர்கள் கேரவன் வைத்திருக்கிறார்கள். நமக்கு மலைக்கு அப்பால் கேரள அரசு 2021 இல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கையை அறிவித்தது. காற்றுப் பையைப் பொதுஜனங்களிடம் கொண்டுவந்து சேர்த்த பெருமை பேருந்துகளுக்கே உரியது. 2001 இல் இந்தியாவுக்கு வந்த வால்வோ பி7ஆர் இந்தச் சௌகரியத்தைப் பிரசித்தமாக்கிற்று. சென்னை பாடியில் உள்ள வீல்ஸ் இந்தியா போன்ற நிறுவனங்கள் பேருந்துகளுக்கான காற்றுப் பை அமைப்புகளை இங்கேயே செய்கின்றன. பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையிலிருந்து 2018 இல் வெளிவந்த வந்தே பாரத் ரயிலின் பெட்டிகளும் காற்றின் மேல்தான் அமர்ந்திருக்கின்றன.

இனி பராமரிப்புக்கு வருகிறேன். பட்டை செய்துவந்த இரண்டு வேலைகளில் ஒன்றைத்தான் காற்றால் செய்ய முடியும். பாரத்தைத் தூக்கி நிறுத்தும் பைக்கு, அச்சை இழுத்துப் பிடித்துவைக்கிற சக்தி கிடையாது. அதற்காகத் தனியாக ரேடியஸ் ராடுகளையும் வி ராடுகளையும் பூட்டி, அவற்றின் முனைகளில் ரப்பர் புஷ்களை அழுத்தி வைத்திருக்கிறார்கள். வண்டி வளைவில் அலைகிறது, பிரேக் போட்டால் ஒரு பக்கம் இழுக்கிறது என்று டிரைவர் சொன்னவுடன் எல்லோரும் பையையே சந்தேகிக்கிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி தேய்ந்துபோன புஷ்தான். ஷாக் அப்சார்பர் செத்துப்போனாலும் பைக்கு ஆபத்து உண்டு. சக்கரம் குழியில் இறங்கும்போது ஓரளவுக்கு மேல் தொங்காமல் பிடித்து நிறுத்துவது பல வண்டிகளில் அந்த ஷாக்தான். அது விட்டுக்கொடுத்தால் பை அளவுக்கு மீறி இழுபட்டு, அடிவளையத்திலிருந்து பிடுங்கிக்கொண்டுவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலான சத்துரு தண்ணீர். பைகளுக்குக் காற்றை அழுத்தித் தருகிற கம்ப்ரஸர் உறிஞ்சுகிற காற்றில் ஈரம் இருக்கிறது. காற்றை அழுத்திக் குளிரவிட்டால் அந்த ஈரம் தண்ணீராகிக் காற்று டேங்கின் அடியில் தங்குகிறது. சுருளி அருவியின் சாரலும் வயல்களின் ஈரமும் கலந்த நம் பள்ளத்தாக்குக் காற்றைப் பற்றிக் கேட்க வேண்டுமா! ஏர் டிரையரில் உள்ள மணிகள் ஈரத்தைப் பற்றிக்கொள்கின்றன என்றாலும், அவற்றுக்கும் ஓர் ஆயுள் உண்டு. குறித்த காலத்தில் அந்த மணிகள் அடங்கிய கேட்ரிட்ஜை மாற்றாமல் ஓட்டினால், தண்ணீர் வால்வுகளுக்குள் புகுந்து துருவேற்றி, கை நடுவில் நிற்கும்போதும் வழி முழுவதும் அடைபடாமல் செய்துவிடும். கம்ப்ரஸரின் ரிங் தேய்ந்திருந்தால் எஞ்சின் எண்ணெயும் காற்றோடு கலந்து வந்து, வால்வின் ரப்பர் சீல்களை உப்பவைத்துக் கெடுக்கும். ஆகையால் தினந்தோறும் டேங்கின் அடிக்குழாயைத் திறந்து வடிப்பதும், வடிந்தது தெளிந்த நீரா, பால் போன்ற எண்ணெய் நீரா என்று கையில் தொட்டுப் பார்ப்பதும் ஓர் அனுஷ்டானம் போல் நடக்க வேண்டும்.

கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு ஷெட்டில், சென்னையிலிருந்து விடியற்காலையில் வந்து நின்ற பேருந்தைப் பகல் வேளையில் கவனிப்பதை நான் பார்த்திருக்கிறேன். பின்பக்கம் ஒரு புறம் நான்கு விரற்கடை தாழ்ந்திருந்தது. வயதான மெக்கானிக் ஒருவர் வண்டிக்கு அடியில் போகுமுன், சட்டத்துக்கும் தரைக்கும் நடுவே கனமான ஸ்டாண்டுகளைக் கொடுத்து, அவற்றை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். பிறகு ஒரு பிளாஸ்டிக் மக்கில் சோப்பைக் கரைத்து, சுண்ணாம்பு அடிக்கிற பிரஷ்ஷால் பையின் மேல் விளிம்பிலும் குழாய் முட்டுகளிலும் வால்வைச் சுற்றியும் தடவிக்கொண்டே போனார். பையில் ஒன்றும் இல்லை. முட்டுகளில் ஒன்றும் இல்லை. வால்விலிருந்து பிரிந்துபோகிற மெல்லிய நைலான் குழாய், சட்டத்தின் ஓரத்தில் உரசிக்கொண்டிருந்த இடத்தில் மட்டும், கடுகளவில் ஒரு குமிழி கிளம்பி, வளர்ந்து, உடைந்து, மறுபடி கிளம்பிற்று. காதுக்கு ஒரு சத்தமும் இல்லை. “ராத்திரி பூரா ஓடினப்ப கம்ப்ரஸர் ஈடு கொடுத்திருக்கு ஐயா, அதான் டிரைவருக்குத் தெரியலை,” என்று சொல்லிவிட்டு, அந்த இடத்தை வெட்டி, புதுக் குழாய் சேர்த்து, உரசாதபடி ஒரு ரப்பர் துண்டைச் சுற்றிக் கட்டினார். வண்டியை ஸ்டார்ட் செய்ததும் நான் எழுந்து நகரப் பார்த்தேன். “கொஞ்சம் பொறுங்க, காத்து ஏறட்டும்,” என்றார். முதலில் பிரேக்குக்கு உரிய டேங்குகள் நிறைந்து, அதன் பிறகே பைகளுக்கு வழி திறந்து, மெல்ல மெல்ல அந்தப் பெரிய உடம்பு எழுந்து நிமிர்ந்தது. உயிரைக் காக்கிற பிரேக்குக்கு முதல் பங்கு, சுகத்துக்கு மிச்சம் என்று காற்றைப் பங்கிடுகிற பாதுகாப்பு வால்வை அமைத்தவருடைய விவேகத்தை அப்பொழுது மனத்துக்குள் வணங்கினேன்.

இன்னொரு நுட்பமும் அங்கேதான் எனக்கு விளங்கிற்று. பேருந்துக்கு நான்கு மூலைகள் இருந்தும் லெவலிங் வால்வு பெரும்பாலும் மூன்றுதான்: முன்னே ஒன்று, பின்னே இரண்டு. அடுப்புக்கு மூன்று கல் வைக்கிற காரணமே இதற்கும் காரணம். மூன்று கல்லின் மேல் வைத்த பானை தரை எப்படி இருந்தாலும் ஆடாமல் நிற்கும். நான்கு வால்வுகளை வைத்தால், ஒன்று உயர்த்தப் பார்க்க எதிர்மூலையில் இருப்பது தாழ்த்தப் பார்க்க, அவை ஒன்றோடொன்று மல்லுக்கு நின்று காற்றை வீணாக்கும்.

உயரத்தை அளக்கிறதிலும் சிரத்தை வேண்டும். சமதரையில், முழு அழுத்தத்தில், அச்சுக்கும் சட்டத்துக்கும் இடையே அளந்து, தயாரித்தவர்கள் குறித்த அளவுக்கு வால்வின் கம்பியைத் திருத்த வேண்டும். மேடும் பள்ளமுமான சாலையில் அடி தட்டாமலிருக்கட்டும் என்று கம்பியை நீட்டி, வண்டியை உயர்த்தி வைத்துவிடுகிறவர்கள் உண்டு. அது பையை எப்போதும் இழுபட்ட நிலையில் வைத்து அதன் ஆயுளைக் குறைப்பதோடு, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளிலோ குமுளி மலைப்பாதையிலோ பேருந்தை அபாயகரமாகச் சாயவும் வைக்கும்.

பட்டை போட்ட வண்டியையே பழகியவர்களுக்கு இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். காற்று எந்த நேரத்திலும் வெளியேறலாம். குழாய் விட்டாலும், பை வெடித்தாலும், வால்வின் கையைத் தவறித் தொட்டாலும், ஒரு நொடியில் சட்டம் கீழே வந்துவிடும். அதற்கும் தரைக்கும் நடுவில் மனிதன் இருந்தால் பிழைக்க இடமில்லை. பைக்குள் ஒரு ரப்பர் தடை இருப்பதால் காற்று போனாலும் வண்டி நகர முடியும் என்பது சாலையில் செல்வதற்கான ஆறுதலே தவிர, அடியில் படுத்திருப்பவருக்கான பாதுகாப்பு அன்று. ஸ்டாண்டு இல்லாமல் ஒரு பையனையும் வண்டிக்கு அடியில் அனுப்பக்கூடாது. அவசரம் என்று முதலாளி சொன்னாலும் கூடாது.

ஓடுகிற வண்டியைவிட நிற்கிற வண்டிக்குத்தான் காற்றுப் பை சீக்கிரம் பாழாகிறது என்பதைப் பழைய மோட்டார் ஹோம்காரர்கள் நன்கு அறிவார்கள். மாதக்கணக்கில் நின்றுபோனால் காற்று இறங்கி, பை மடிந்த இடத்திலேயே மடிந்து கிடந்து, வெயிலிலும் ஓசோனிலும் வெடிப்புக் காண்கிறது. வால்வின் சீல்கள் உலர்ந்துபோகின்றன. மேல்பரப்பில் மயிரிழை வெடிப்பு இருந்தால் கவனித்து வரலாம். உள்ளே நூல் தெரிந்துவிட்டால் அன்றைக்கே கழற்றிவிட வேண்டும். கொரோனா காலத்தில் மாதக்கணக்கில் ஷெட்டுகளில் நின்றுவிட்ட பேருந்துகளுக்கும் இந்தக் கதி நேர்ந்தது.

பையின் ரப்பரைப் பற்றிச் சிந்திக்கும்போது குமுளிக்கு அப்பால் முண்டக்கயத்தையும் கோட்டயத்தையும் நினைக்காமல் இருக்க முடிவதில்லை. இந்தியாவின் ரப்பர்த் தோட்டங்களில் பெரும்பகுதி மலைக்கு அந்தப் புறம்தான். அதே மலைக்கு இந்தப் புறம், 2023 இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையைப் பெட்டிகளில் அடுக்கி, பட்டை போட்ட சின்ன வண்டிகளில் ஏற்றி அனுப்புகிறார்கள். சந்தைக்குப் போய்ச் சேரும்போது கொத்திலிருந்து உதிர்ந்த பழங்கள் பெட்டியின் அடியில் நசுங்கிக் கிடக்கின்றன. மனிதனுக்குக் கிடைத்த சௌகரியம் திராட்சைக்கும் கிடைக்கிற நாள் வந்தால், விவசாயியின் நஷ்டத்தில் ஒரு பங்காவது குறையும். ஆனால் அந்த வண்டிகளையும் கவனிக்கத் தெரிந்த கைகள் இருந்தால்தான் அது நடக்கும்.

அந்தக் கைகள் இன்றைக்கு எவ்விதம் உண்டாகின்றன என்று பார்த்தால், பெரும்பாலும் கிளீனராகச் சேர்ந்த பையன் மூத்தவர் ஒருவர் செய்வதைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்வதுதான். அவனுக்கு டேங்கை வடிக்கத் தெரிகிறது. ஏன் வடிக்க வேண்டும் என்று ஒருவரும் சொல்வதில்லை. நம் மாவட்டத்துத் தொழிற்பயிற்சி நிலையங்களில் பட்டை கட்டுவதைச் சொல்லிக்கொடுக்கிற அதே மேஜையின் மேல், குறுக்காக அறுத்த ஒரு பழைய பலூனையும், கை அசைத்துப் பார்க்கக்கூடிய ஒரு லெவலிங் வால்வையும், ஒரு சிறு கம்ப்ரஸரையும் பொருத்திவைத்தால் போதும்; ஓய்வு பெற்ற மெக்கானிக்குகளில் ஒருவரை வாரத்துக்கு ஒரு நாள் அழைத்துவந்து பேசவிடலாம். பேருந்து முதலாளிகளும் ஷெட்டில் ஒரு நோட்டைத் தொங்கவிட்டு, வண்டி நின்றபோது மூலைக்கு மூலை என்ன உயரம், எட்டு மணி நேரம் கழித்து என்ன உயரம் என்று நாள்தோறும் எழுதிவைக்கச் சொல்லட்டும். எந்தப் பை எந்த மாதத்தில் தளர ஆரம்பித்தது என்பது அந்த நோட்டிலிருந்தே தெரிந்துவிடும், நடுராத்திரியில் விராலிமலைக்குப் பக்கத்தில் முப்பது பேரை இறக்கி நிறுத்திவிட்டுக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.